மதுரை வெயிலில் ஒரு மரப்பாம்புக்குக் கூண்டு

திருநகரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர் ஒருவரிடமிருந்து அவருக்கு கிரீன் ட்ரீ பைத்தான் (மரத்திலேயே வாழும் பச்சை நிற மலைப்பாம்பு) குட்டி ஒன்று வரப்போகிறது. வயது ஒன்று, நீளம் இரண்டடி. இன்னும் முழுக்கப் பச்சையாகவில்லை; மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறதாம். "அண்ணே, மரத்தில் இருக்கிற பாம்புதானே, ஐந்தடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி செய்யச் சொல்லலாமா? ஹீட் லாம்ப் 100 வாட் போதுமா, 150 வேண்டுமா? மாடி ரூம் சும்மாதான் கிடக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்கிறார்.

தம்பி, மூன்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். ஐந்தடி உயரம் வேண்டாம், ஹீட் லாம்ப் வேண்டாம், மாடி ரூம் வேண்டவே வேண்டாம். இப்படி மொட்டையாகச் சொன்னால் கோபம் வரும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பாம்பைப் பற்றி நீங்கள் பார்த்திருக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. அவர்கள் வீட்டுக்குள்ளேயே 18, 20 டிகிரிதான் இருக்கும். பாம்பைச் சூடாக வைத்திருப்பது அவர்களுடைய பாடு. அதனால் பேச்சு முழுக்க லாம்ப், பேனல், மேட் என்று சூடேற்றும் சாமானாகவே இருக்கும். நம் பாடு நேர் எதிர். மாசி கழிந்துவிட்டால் ஆடி வரை மதுரையில் சூடு ஓசியிலேயே கிடைக்கிறது. இங்கே கூண்டு அமைப்பது என்றால் அந்தச் சூட்டை எப்படி வெளியே நிறுத்துவது என்று யோசிப்பதுதான். அது மண்டையில் ஏறிவிட்டால் மிச்சமெல்லாம் ஆசாரி வேலை.

பாம்பின் சொந்த ஊரைப் பாருங்கள். நியூ கினித் தீவு, அதை ஒட்டிய இந்தோனேசியத் தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கேப் யார்க் முனை. எல்லாமே மழைக்காடு. வெயில் இலைகளில் வடிகட்டித்தான் கீழே வரும். பகலில் 26 முதல் 28 டிகிரி, உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஒரு மூலையில் 30 அல்லது 31, இரவில் 23, 24. இவ்வளவுதான் அது கேட்பது. 33-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் அதற்குத் திண்டாட்டம். கத்திரி வெயிலில் உங்கள் மாடி ரூமில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். நான் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

கூண்டுக்குப் போவதற்கு முன்னால் காகிதத்தைப் பேசிவிடுவோம். "பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் இல்லை, முதலில் அதுதான். இந்தப் பாம்பு, காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினாலும், குட்டி பொரித்தாலும், செத்துப்போனாலும் தெரிவிக்க வேண்டும். நண்பர் பெயரில் பதிவு இருந்தால்தான் உங்கள் பெயருக்கு ஒழுங்காக மாறும். அவரிடம் பதிவு இல்லை என்றால் பாம்பு எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள். பாங்காக்கில் இருந்து வரும் பெட்டிகளில் துணிக்கு நடுவே பாம்புகளைச் சுருட்டிக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டுவது நாம் பேப்பரில் படிக்கிற செய்திதான். அப்படி வந்ததைத் தொடாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தோனேசியாவில் இருந்து 'பண்ணையில் பிறந்தது' என்று ஏற்றுமதியான இந்தப் பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. காட்டில் பிடித்தது வயிற்றில் புழுவோடும் தோலில் உண்ணியோடும் வரும். நீங்கள் எவ்வளவு நல்ல கூண்டு கட்டினாலும் அதில் பாதி நாள் வைத்தியம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நம்ம தோப்பிலேயே மரப்பாம்பு இருக்கே, அதைப் பிடித்து வளர்க்கலாமே?" கூடாது. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பில் ஓடுகிற கொம்பேறி மூக்கனும் சரி, வேலியில் கொடியோடு கொடியாகக் கிடக்கிற பச்சைப்பாம்பும் சரி, சட்டப்படி பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாதவை. பாவம், அவற்றுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் போதும். கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம் கொம்பேறி மூக்கன். அதற்கு விஷமே கிடையாது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமாம்; அது பார்த்துக்கொண்டிருப்பது ஓணானையும் தவளையையும்தான். இரண்டும் பெட்டியில் அடைத்தால் மூக்கை முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கொள்ளும், இரை எடுக்காமல் போய்ச்சேரும்.

சரி, இனி வீட்டுக்குள் வருவோம். கூண்டு எந்த அறையில் என்பதுதான் முதல் முடிவு. கூண்டின் அளவெல்லாம் அதற்குப் பிறகு. தரைத்தளம், வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த அறை, மேற்கு வெயில் விழும் சுவர் இல்லாத இடம். மேற்குச் சுவர் சாயங்காலம் வரை குடித்த வெயிலை இரவு பத்து மணி வரை உள்ளே கக்கிக்கொண்டே இருக்கும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். பழைய காரைச் சுவர் வீடு என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். தளம் போட்ட ஒற்றை மாடி வீடு என்றால் மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்து, முடிந்தால் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு நல்ல ஹீட் பேனல் விலைகூட வராது.

கூண்டுக்கு ஃபேன் வைத்தால் குளிர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அறை 36 டிகிரியில் இருந்தால் ஃபேன் உள்ளே தள்ளுவதும் 36 டிகிரிக் காற்றைத்தான். கூண்டைக் குளிர்விக்க முடியாது, அறையைத்தான் குளிர்விக்க முடியும். ஏ.சி. இருந்தால் 27-இல் வையுங்கள், காற்று நேராகக் கூண்டின் மேல் அடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடும், அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று பின்னால் வருகிறேன். ஏ.சி. இல்லை என்றால் ஏர் கூலர் நம் ஊர்க் கோடைக்கு மோசமில்லை. சித்திரை, வைகாசி மத்தியானங்களில் இங்கே காற்று உலர்ந்திருக்கும், அதனால் தண்ணீர் ஆவியாகும்போது அறை நன்றாகவே குளிரும். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைப்பதும் அதே வித்தைதான். ஐப்பசியில் கூலரைப் போடாதீர்கள். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது குளிர்விக்காது, புழுக்கம்தான் மிஞ்சும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மே மாதம், பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பதில் இருந்து கரண்ட் இல்லை. முந்தின நாள் பேப்பரில் போட்டிருந்தான், நான் பார்க்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றரை மணிக்கு வந்து கதவைத் திறந்தால், எப்போதும் கிளையில் பந்தாகச் சுருண்டு நடுவில் தலையை வைத்திருக்கும் பாம்பு, தரையில் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் கயிறு மாதிரி நீட்டிக் கிடக்கிறது. வாய் ஒரு நூல் அளவு திறந்திருக்கிறது. உள்ளே 36.4. பதறிப்போய் ஐஸ் தண்ணீரை எடுக்கப் போனேன், நல்லவேளை, எடுக்கவில்லை. திடீரென்று குளிர்வித்தால் அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். பானைத் தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து 28 டிகிரிக்குக் கொண்டுவந்து, உடம்பில் பாதி மட்டும் மூழ்கும்படி ஒரு டப்பில் விட்டேன். அரைமணி நேரத்தில் தலையைத் தூக்கியது. பிழைத்தது, ஆனால் ஐந்து வாரம் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு எப்போதும் உறைந்தபடி இருக்கும். மீன்காரர்களிடம் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டி ஒன்றும் இருக்கிறது. கரண்ட் போகும் நாளில் பாம்பைக் கிளையோடு தூக்கி, காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அதை அந்தப் பெட்டிக்குள் இறக்கிவிடுவேன். துண்டில் சுற்றிய ஐஸ் பாட்டில் பெட்டியின் மறுமூலையில், டப்பாவில் படாமல் இருக்கும். மூடியை இரண்டு விரல் திறந்து வைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். 28-இல் அழகாக நிற்கும். பேப்பரில் வரும் அந்த மின்தடைச் செய்தியையும் இப்போது தவறாமல் பார்க்கிறேன்.

அடுத்து கூண்டு. மரத்துப் பாம்பு என்றவுடன் எல்லோருக்கும் உயரம்தான் கண்ணில் படும். ஆனால் இது கொம்பேறி மூக்கன் மாதிரி கிளைக்குக் கிளை பாய்கிற ஜாதி இல்லை. படுக்கை வாட்டமான ஒரு கொம்பைப் பிடித்துக்கொண்டு, பகல் முழுக்க அசையாமல் சுருண்டிருந்து, இரவில் தலையைக் கீழே தொங்கவிட்டு இரை வருமா என்று காத்திருக்கும் பாம்பு. அதற்கு வேண்டியது அகலம். வளர்ந்ததற்கு மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், இரண்டடி உயரம் இருந்தால் போதும். உயரத்தைக் கூட்டினால் மேலே தீயாகவும் கீழே குளிராகவும் பிரிந்துவிடும். பாம்பு உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் நாற்காலி போட்டு ஏறி அதன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். உங்கள் இரண்டடிக் குட்டியை உடனே அந்த மூன்றடிக் கூண்டில் விட வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஓரடிப் பெட்டியில் ஆறேழு மாதம் இருக்கட்டும். பெரிய இடத்தில் விட்டால் சில குட்டிகள் மிரண்டுபோய் இரையைத் தொடாது.

கண்ணாடித் தொட்டியும் வேண்டாம். கண்ணாடி ஒரு பக்கம் வெயிலையும் வெப்பத்தையும் உள்ளே விடும், மேலே வலை போட்டால் ஈரம் முழுக்க அந்த வழியாகவே போய்விடும். டபிள்யூ.பி.சி. போர்டு (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) சொல்லுங்கள், 18 எம்.எம். மாடுலர் கிச்சன் செய்கிற ஆசாரி யாரிடமும் இருக்கும். தண்ணீரில் ஊறாது, கரையான் தின்னாது. பிளைவுட் வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பிப்போகும். முன்பக்கம் மட்டும் 5 எம்.எம். கண்ணாடி இரண்டு, கடை ஷோகேஸ் மாதிரி அலுமினியச் சட்டத்தில் நகரும்படி. ஷோகேஸ் பூட்டும் கட்டாயம். பாம்புக்குக் கண்ணாடியை நகர்த்தத் தெரியாது என்று நினைத்தவர்கள் எல்லாம் பீரோவுக்கு அடியில் தேடியவர்கள்தான்.

காற்றோட்டத்துக்கு முன்பக்கம் கீழே ஒரு பட்டை, பின்பக்கம் மேலே ஒரு பட்டை. சூடான காற்று மேலே ஏறிப் பின்னால் போகும், அந்த இடத்துக்குக் கீழே இருந்து புதுக்காற்று வரும். இரண்டும் நேருக்கு நேராக ஒரே உயரத்தில் இருந்தால் காற்று மேலோட்டமாகப் போய்விடும், மூலையில் பழைய காற்று தேங்கும். பட்டைக்குக் கொசுவலை போடாதீர்கள், பாம்பு மூக்கை உரசிப் புண்ணாக்கும். துளை போட்ட ஸ்டீல் தகடு போதும். இணைப்புகளில் மீன்தொட்டிக்கு அடிக்கிற சிலிக்கான் அடித்து, அந்தப் புளிச்ச காடி வாசம் முழுக்கப் போகும் வரை, குறைந்தது பத்து நாள், கதவைத் திறந்தே போட்டுவிடுங்கள்.

கூண்டை எங்கே நிறுத்துவது? தரையில் வேண்டாம். கிளை உங்கள் கண்மட்டத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ வரும்படி ஸ்டாண்டில் வையுங்கள். மேலே இருந்து ஓர் உருவம் குனிந்து பார்த்தால் அதற்குப் பருந்து வந்த மாதிரி. ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணி வைத்துவிடுங்கள். நம் பாட்டிமார் சமையல்கட்டு அலமாரிக்கு வைத்த அதே எறும்புக் கிண்ணிதான். சிற்றெறும்பு உள்ளே ஏறினால் சட்டை உரிந்துகொண்டிருக்கும் பாம்பின் கண்ணைக்கூட விடாது.

இனி கிளை. என்னைக் கேட்டால் இந்தக் கூண்டில் பணத்தையும் பொறுமையையும் போட வேண்டிய இடம் இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி இருக்கிற பெட்டி. பாம்பு தன் ஆயுளில் பெரும்பகுதியை அதன்மேல்தான் கழிக்கப்போகிறது. பிடித்தாலும் புளியங்கொம்பாகப் பிடிக்க வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில் புளியைவிட கொய்யா மேல். வழவழப்பாக இருக்கும், உறுதியாக இருக்கும், வளைவும் அழகாக வரும், யார் வீட்டுக் கொல்லையிலும் கேட்டால் கிடைக்கும். அரளியைத் தொடாதீர்கள், அது விஷம். பால் வடிகிற கள்ளி வகையும் வேண்டாம். முள் இருக்கிற கருவேலமும் வேண்டாம். வெட்டிய கொய்யாக் கொம்பில் உரிகிற பட்டையைத் தேய்த்து எடுத்து, கொதிக்கிற தண்ணீரை இரண்டு தடவை ஊற்றி, மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் போட்டால் போதும். அதற்கு மட்டும் நம் வெயில் நன்றாக உதவும்.

பருமன் முக்கியம். பாம்பின் நடு உடம்பு எவ்வளவு தடிப்போ அவ்வளவு, அல்லது ஒரு சுற்று மெலிசு. உங்கள் குட்டிக்குப் பென்சில் தடிப்பில் ஒன்றும் சுண்டுவிரல் தடிப்பில் ஒன்றும் போதும். ஒரே தடிப்பில் பி.வி.சி. பைப்பைக் குறுக்கே வைப்பவர்கள் உண்டு. கழுவ எளிதுதான், ஆனால் அது வழுக்கும், உரியும்போது தோலைப் பிடித்து இழுக்க சொரசொரப்பு இருக்காது. கொம்புகளைப் படுக்கை வாட்டமாக வையுங்கள். மூன்றடிக் கூண்டில் ஒன்று சூடு வரும் மூலையில், மேலே இருந்து அரையடி கீழே. இன்னொன்று எதிர்மூலையில், அதைவிட அரையடி தாழ. இரண்டுக்கும் கீழே குறைந்தது ஓரடி வெற்றிடம் இருக்கட்டும், அது தலையைத் தொங்கவிட இடம் வேண்டும். இரண்டு கொம்புக்கும் நடுவில் பிளாஸ்டிக் கொடியோ மணி பிளாண்ட்டோ விட்டால் அதற்கு மறைவு கிடைக்கும். மறைவு இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும்.

இப்போது சொல்வதைக் கவனியுங்கள். கொம்பை ஆணியடித்தோ ஸ்க்ரூ போட்டோ நிரந்தரமாக மாட்டாதீர்கள். இரண்டு பக்கச் சுவரிலும் மேலே வாய் திறந்த மரக்கொக்கி வைத்து அதில் கொம்பைத் தூக்கி வைக்கும்படி செய்யுங்கள். கழுவும்போதும் மாற்றும்போதும் பாம்பைக் கொம்பில் இருந்து பிரித்து எடுக்கவே கூடாது, கொம்போடு தூக்க வேண்டும். குட்டியாக இருக்கும்போது அதன் வாலும் முதுகெலும்பும் அவ்வளவு மென்மை. வாலால் கொம்பைச் சுற்றிப் பிடித்திருப்பதை நாம் இழுத்தால் அங்கே ஒரு மடிப்பு விழும். அது ஆயுளுக்கும் போகாது. வளைந்த வாலோடு நான் பார்த்த பாம்புகளுக்கெல்லாம் பின்னால் ஓர் அவசரக்காரர் இருந்தார். பொதுவாகவே இது கையில் வைத்துக் கொஞ்சுகிற பாம்பு இல்லை. முன்பற்கள் நீளமானவை, இரவில் கையின் சூட்டை உதட்டுக் குழிகளால் உணர்ந்தால் இரை என்றே நினைத்துப் பாயும். கடி வாங்கினால் விஷம் இல்லை, ஆனால் இரத்தம் நன்றாக வரும்.

ஈரத்தில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். மழைக்காட்டுப் பாம்பு என்பதால் எப்போதும் சொட்டச் சொட்ட வைத்திருக்க வேண்டும் என்று நினைப்பது. காட்டில் மழை பெய்யும், பிறகு காற்றடித்து இலை உலரும். அந்தச் சுற்றுதான் வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குச் செடிக்கு அடிக்கிற கை ஸ்ப்ரேயரால் பாம்பின் மேலும் இலை மேலும் நன்றாக நனைய அடியுங்கள். ஈரப்பதம் 70, 80-க்கு ஏறும். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் உலர்ந்து 45, 50-க்கு வந்திருக்க வேண்டும். உலரவில்லை என்றால் காற்றோட்டம் பத்தாது. காலை பத்து மணிக்கே எலும்பாக உலர்ந்துவிடுகிறது, ஏ.சி. ஓடுகிற அறைகளில் அப்படித்தான் ஆகும் என்றால், காலையில் ஒரு சிறு தெளிப்பு கூடுதலாக.

அந்த ஏழு மணித் தெளிப்பு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். சுருளின் பள்ளங்களில் தண்ணீர் முத்து முத்தாகத் தேங்கியிருக்கும். பாம்பு மெல்லத் தலையைத் தூக்கி, தன் உடம்பின் மேலேயே வாயை வைத்து, ஒவ்வொரு பள்ளமாக உறிஞ்சிக் குடிக்கும். கன்னம் ஏறி இறங்குவது தெரியும். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தாலும் இப்படிக் குடிப்பதில்தான் அதற்கு ருசி. அதனால் எந்தத் தண்ணீரைத் தெளிக்கிறீர்கள் என்பது முக்கியம். நம் போர் தண்ணீரை அடித்தால் ஒரே வாரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளை உப்பு பூத்துவிடும், பாம்பின் செதிலிலும் படியும். ஆர்.ஓ. தண்ணீர், இல்லையென்றால் மழை நாளில் பிடித்து வைத்த தண்ணீர்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கணக்கு மாறும். வெளியே விடாமல் தூறும், காற்றிலேயே 85, 90 சதவீத ஈரம். அப்போதும் பழக்க தோஷத்தில் தினம் தெளித்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும், அடுத்து சளி. தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, மூச்சில் விசில் சத்தம், வாயோரம் நுரை இதெல்லாம் நுரையீரல் தொற்றின் அடையாளம். அப்போது நாட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பாம்பு பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்று பாம்பு வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய், மாடு பார்க்கிற எல்லோரும் இதைத் தொடமாட்டார்கள். அடைமழை நாட்களில் நான் தெளிப்பை மூன்று நாளைக்கு ஒரு தடவை ஆக்கிவிடுவேன், சட்டை உரிக்கப் போகிற வாரத்தைத் தவிர. கண் பால் படர்ந்த மாதிரி வெளுத்தால் உரியப் போகிறது என்று அர்த்தம். சட்டை ஒரே துண்டாக, சாக்ஸைக் கழற்றிய மாதிரி உள்புறம் வெளியாக வந்தால் உங்கள் ஈரக் கணக்கு சரி. துண்டு துண்டாக உரிந்தாலோ கண்ணின் மேல் தோல் தங்கிவிட்டாலோ உலர்வு அதிகம்.

சூடு ஏற்றுவது மதுரையில் வேண்டியது இந்த மழை நாட்களுக்கும் மார்கழி, தை இரவுகளுக்கும் மட்டும்தான். அதற்கு 40 அல்லது 60 வாட் ரேடியன்ட் பேனல் (வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் தட்டைப் பலகை) ஒன்றை உட்கூரையில் பொருத்தினால் போதும். பல்பு வேண்டாம். மரத்துப் பாம்பு போய் அதைச் சுற்றிக்கொள்ளும், தோல் வெந்துபோவது கூட அதற்கு உடனே உறைக்காது. எதை மாட்டினாலும், வெப்பம் பார்த்துத் தானாகப் போட்டு அணைக்கிற தெர்மோஸ்டாட் வழியாகத்தான். எஸ்.டி.சி-1000 என்று ஒரு சின்னக் கன்ட்ரோலர் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும். அதில் சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) இருக்கிறது. நம் ஊருக்கு அதுதான் வசதி: சூட்டுப் பக்கம் பேனல், குளிர்ப் பக்கம் காற்றை வெளியே தள்ளுகிற கம்ப்யூட்டர் ஃபேன் (அறை குளிர்ந்திருந்தால்தான் இதுவும் பலிக்கும்). சென்சரைத் தரையில் போடாமல், பாம்பு உட்காருகிற கொம்பின் மட்டத்தில் கட்டுங்கள். வயரிங் தெரிந்தவரை வைத்து மாட்டுங்கள். ஈரம் தெளிக்கிற இடத்தில் கரண்டோடு விளையாட்டு வேண்டாம். வெளிச்சத்துக்கு ஒரு எல்.இ.டி. பட்டை, 12 மணி நேரம் டைமரில். இரவில் சிவப்பு, நீலம் என்று எந்த விளக்கும் வேண்டாம், அதற்கு இருட்டு வேண்டும்.

தரைக்கு நான் போடுவது பழைய நியூஸ்பேப்பர். தேங்காய் நார்த்தூள் பார்க்க அழகுதான், நம் பக்கம் மலிவும்கூட. ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், எச்சம் எங்கே போட்டது என்றும் தெரியாது. இந்தப் பாம்பு நாள்கணக்கில் அடக்கி வைத்திருந்து போடும். எப்போது போட்டது, எப்படிப் போட்டது என்று தெரிவது முக்கியம்.

உங்கள் வீட்டில் கொசுவர்த்தி, ப்ளக்கில் சொருகுகிற கொசு மருந்து இருக்கும். அந்த அறையில் இனி இரண்டும் கூடாது. அதில் இருக்கிற மருந்து பாம்புக்கு நரம்பு விஷம். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். சாம்பிராணியும் வேறு அறையில். பல்லி உள்ளே நுழையாமலும் பாருங்கள். குட்டிப் பாம்பு பல்லியைப் பார்த்தால் விடாது. பல்லி வயிற்றில் இருக்கிற புழு அப்புறம் பாம்பு வயிற்றில்.

இரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. குட்டிக்கு ஏழிலிருந்து பத்து நாளைக்கு ஒரு சின்ன எலிக்குஞ்சு, வளர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. உயிரோடு விடாதீர்கள், எலி திருப்பிக் கடிக்கும். உறைந்ததை ஜிப் கவரில் போட்டுச் சுடுதண்ணீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, இரவில், நீளமான இடுக்கியால் நீட்டுங்கள். அதிகம் கொடுத்தால் கொழுக்கும். இந்த இனத்தில் கொழுப்பும் நீர் வற்றலும் சேர்ந்தால் எச்சம் போடும்போது குடல் வெளியே தள்ளிவிடுகிற ஆபத்து உண்டு. எலி வைக்கத் தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாவு எடுக்கப் போன என் அம்மா ஃப்ரீசரில் எதைப் பார்த்தார் என்பதை எங்கள் தெருவே இன்னும் பேசுகிறது.

கடைசியாக ஒன்று. கூண்டு முடிந்ததும் பாம்பைக் கொண்டுவராதீர்கள். காலியாகவே பதினைந்து நாள் ஓட்டுங்கள். தினமும் காலை ஆறு, மத்தியானம் மூன்று, இரவு பத்து, இந்த மூன்று நேரமும் கொம்பு மட்டத்தில் வெப்பமும் ஈரமும் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதற்குள் ஒரு நாளாவது கரண்ட் போகும். அன்று எவ்வளவு நேரத்தில் 32-ஐத் தொட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பங்குனியில் இருந்து ஆனி வரை புதுப் பாம்பை வரவழைக்காமல் இருப்பது நல்லது. நண்பரிடம் ஆடி கழியட்டும் என்று சொன்னால் பதிவு வேலைக்கும் அவகாசம் கிடைக்கும். அந்த நோட்டின் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள், சூட்டுக் கொம்பை இன்னும் இரண்டு அங்குலம் இறக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.